மேனேஜர் கட்டிய பெட்டி

இருபது கிலோ அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"என்னம்மா, ரெண்டு மாசமா ஒரு கிலோ பாக்கெட்டா வாங்கிட்டுப் போனீங்க. இன்னிக்கு மூட்டையே தூக்கறீங்க. வீட்டுக்கு ஆள் வராங்களா?"

"யாரும் வரல அண்ணே. நாங்க போகல. அதுக்குத்தான் மூட்டை."

கடைக்காரர் புரிந்த மாதிரி தலையாட்டினார். புரிந்திருக்காது. பதினோரு வருடமாக அரிசியை மூட்டையாக வாங்கத் துணியாத ஒருத்திக்குத்தான் அது புரியும்.

அவள் கணவர் பாய்லர் இன்ஜினீயர். எந்த நாட்டில் புதுத் தொழிற்சாலை எழும்பினாலும் கம்பெனி அவரைத்தான் அனுப்பும். பாய்லரை நிறுவி, நெருப்பு மூட்டி, நீராவி சரியாக வருகிறதா என்று மாதக்கணக்கில் பக்கத்திலேயே காவல் இருந்து, உள்ளூர்க்காரர்கள் கையில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். பாய்லர் ஒழுங்காக மூச்சுவிட ஆரம்பித்ததும் இவர்கள் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஒன்றரை வருடம், மிஞ்சிப்போனால் இரண்டு, இரண்டரை. இது ஐந்தாவது நாடு. போகிற நாள் நெருங்குகிறது என்று தெரிந்துவிட்டால் அவள் கை தானாகச் சின்ன பாக்கெட்டுக்குப் போய்விடும். எண்ணெய் கால் லிட்டர், சோப்பு ஒன்றே ஒன்று. கிளம்புகிற அன்று சமையலறையில் ஒரு பிடி உப்பு மிஞ்சினால்கூட அதை யார் தலையில் கட்டுவது என்று அலைய வேண்டியிருக்கும்.

இன்றைக்கு மத்தியானம் அவர் போன் செய்தார். "சரின்னுட்டாங்க. மூணு வருஷம். போதுமா?" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. அதற்காக அவள் கவலைப்படவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டாள்.

அந்த மூன்று வருடத்துக்காக வீட்டில் ஏழு வாரம் சண்டை நடந்தது. கம்பெனி அவரை ஆறாவது நாட்டுக்கு அழைத்தது. இந்தத் தடவை தலைமை இன்ஜினீயர் பதவி. அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து சொன்னார். அவள் முடியாது என்றாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவள் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"பொண்ணு பத்தாவது முடிக்கற வரைக்கும் நான் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன். நீங்க வேணா போயிட்டு வாங்க."

"இங்கயே இருந்தா எனக்கு என்ன வேலை குடுப்பாங்க தெரியுமா? ஓடற பாய்லரைப் பாத்துக்கற வேலை. பிரசவம் பாக்கற டாக்டரைக் கூப்பிட்டு, பிறந்த குழந்தைக்கு மூக்கு தொடச்சு விடுன்னு சொல்ற மாதிரி."

"தொடச்சு விடுங்க. உங்க பொண்ணுக்கு மூக்கு ஒழுகினப்போ நீங்க தொடச்சதா எனக்கு ஞாபகம் இல்ல."

இதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனை வேகமாகச் சுழலவிட்டு, கிசுகிசுப்பாக நடந்த சண்டைகள். மகள் காதில் விழக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மகளுக்கு விவரம் தெரிந்த பிறகு, ஐந்து வயதில், முதல் தடவை நாடு மாறினார்கள். இரண்டு மாதம் முன்பே குழந்தையிடம் சொல்லிவிட்டாள். குழந்தை இரண்டு மாதமும் அழுதது. சாப்பிடாமல் ஜுரத்தில் விழுந்தது. கிளம்புகிற அன்று பக்கத்து வீட்டுப் பெண்ணின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு டாக்ஸியில் உட்கார்ந்து புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். இனிமேல் அட்டைப்பெட்டி வீட்டுக்கு வந்து இறங்குகிற வரைக்கும் குழந்தையிடம் மூச்சு விடக் கூடாது.

அது நன்றாகவே வேலை செய்தது. இரண்டாவது தடவை ஒரு வாரம் முன்னால் சொன்னார்கள். ஏழு வயதுக் குழந்தை ஒரு நாள் அழுதுவிட்டு, மறுநாள் மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு சாமான் கட்ட வந்த ஆட்களை வேலை வாங்க ஆரம்பித்துவிட்டது. "அது கண்ணாடி, மேல வைங்க. இது செருப்பு, கீழ வைங்க." ஆட்கள் சிரித்தார்கள். அப்பா அன்றைக்கு வைத்த பெயர்தான் மேனேஜர். கம்பெனிக் கணக்கில் பிள்ளைக்கு ஒரு பெட்டிதான். முழங்கால் உயரம். அதற்குள் அடங்குவதுதான் அவளுடைய சொத்து. மூன்றாவது தடவை நாலு நாள் முன்னால் சொன்னார்கள். கண்ணீரே வரவில்லை. நாலாவது தடவை வாயைத் திறப்பதற்குள் அவளே, "எப்போ கிளம்பறோம்?" என்று கேட்டுவிட்டாள்.

பெற்றவர்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாத்தனார் போனில் பேசும்போதெல்லாம் அதே பேச்சுதான். "உங்க பொண்ணு கெட்டிக்காரி அண்ணி. என் வீட்ல ரெண்டு இருக்கு பாருங்க, டியூஷன் மாத்தினாலே மூணு நாள் சோறு இறங்காது. உங்க பொண்ணை எங்க கொண்டு போட்டாலும் பொழைச்சுக்கும்." அவளும், "ஆமாம்மா, பழகிட்டா" என்பாள்.

பழகிவிட்டாள் என்றுதான் அவளும் நம்பினாள், இந்த ஐந்தாவது நாட்டுக்கு வந்து, சுருட்டையைப் பார்க்கிற வரைக்கும்.

சுருட்டை என்பது முடியால் வந்த பெயர். மேனேஜரின் வகுப்பு. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அம்மா பல் டாக்டர். கீழே கிளினிக், மாடியில் வீடு. பள்ளிவிட்டால் இரண்டும் நேராக அங்கே போகும், இல்லையென்றால் இங்கே வரும். ஒரு நாள் மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம். சுருட்டைதான் சிரிக்கிறாள் என்று நினைத்து அவள் பால் டம்ளர்களோடு கதவைத் திறந்தாள். சுருட்டை அமைதியாக உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்தது தன் மகள். அந்தச் சத்தத்தை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. டம்ளர்களை வைத்துவிட்டு வந்து சமையலறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். இந்தச் சிரிப்பை விட்டுவிட்டு ஆறாவது நாட்டுக்குப் போக மாட்டேன் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

அதற்குத்தான் ஏழு வாரச் சண்டை. அதற்குத்தான் இந்த மூட்டை.

மேனேஜர் நாலு மணிக்கு வந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே சமையலறைப் பக்கம் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ்.

"இது என்னம்மா?"

"அரிசி. பாத்தா தெரியலையா?"

"யாருக்கு?"

"யாருக்குன்னா? நமக்குத்தான்."

"நமக்கு எதுக்கு இருபது கிலோ?"

"அப்பா வரட்டும், சொல்றோம்."

மகள் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் பாம்பு வந்து சுருண்டு கிடப்பதைப் பார்க்கிற மாதிரி. இன்னொரு ஷூவைக் கழற்றாமலே அறைக்குள் போனாள்.

அப்பா ஆறு மணிக்குக் கேக் பெட்டியோடு வந்தார். உள்ளே புகைச்சல் இருந்தாலும் மகள் முன்னால் நன்றாகத்தான் நடித்தார். சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"மேனேஜர் மேடம், உங்களுக்கு ஒரு நல்ல சேதி. நாம எங்கயும் போகல. நீ பத்தாவது முடிக்கற வரைக்கும் இதே வீடு, இதே ஸ்கூல். மூணு வருஷத்துக்குப் பெட்டின்ற பேச்சே கிடையாது."

மகள் கேக்கை வெட்டிய கத்தியைக் கீழே வைத்தாள்.

"போறதா இருந்துச்சா?"

"கூப்பிட்டாங்க. ஏழு வாரமா இழுத்துக்கிட்டிருந்தது. உங்கம்மா ஒரே பிடியா நின்னுட்டா. அப்பா தோத்துட்டேன்."

"ஏழு வாரமா."

"ஆமா."

"என்கிட்ட யாருமே சொல்லல."

"முடிவாகாம உன்னை எதுக்குக் குழப்பணும்னுதான்" என்றாள் அம்மா. "சந்தோஷம்தானே?"

"எனக்குக் கேக் வேணாம்."

அவள் எழுந்து போய்விட்டாள். "சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு" என்றார் அப்பா, பெரிய துண்டாக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே. அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. எழுந்து பின்னாலேயே போனாள்.

சில வாரங்களாக அந்த அறைக்குள் அவள் முழுசாகப் போகவில்லை. துவைத்து மடித்த துணியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அலமாரி சுத்தமாக இருக்கிறதே, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஒரு நாள் பாராட்டவும் செய்தாள். இப்போதுதான் சுவரைப் பார்த்தாள். படங்கள் ஒட்டியிருந்த இடத்தில் வெறும் பசைத் தடங்கள். மேஜையில் பள்ளிப் புத்தகம் தவிர ஒன்றுமில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அட்டைப்பெட்டி. முழங்கால் உயரம். நாலு பக்கமும் டேப் ஒட்டி, மேலே மார்க்கரில் பெரிதாக 'மேனேஜர்' என்று எழுதி.

அதை இழுத்து அறை நடுவில் போட்டாள்.

"இது எப்போ கட்டினது?"

"ஒரு மாசம் ஆச்சு."

"நாங்கதான் ஒண்ணுமே சொல்லலையே."

"நீங்க எப்போ சொல்லியிருக்கீங்க?" மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீ ஒரு கிலோ பாக்கெட் வாங்க ஆரம்பிச்ச. பாத்ரூம் பல்பு போச்சு, மாத்தல. அப்பா போன் வந்தா பால்கனிக்குப் போய்ப் பேசினாரு. உங்க ரூம்ல ஃபேன் சத்தம். குளிர்ற நாள்ல யாரும்மா ஃபேன் போடுவாங்க? அப்புறம் நான் எது கேட்டாலும் சரி சரின்ன. போன தடவையும் இதேதான். அதுக்கு முந்தின தடவையும் இதேதான்."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இந்தப் பெண் தங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"சரி, இப்போ என்ன? தப்பா நெனச்சிட்ட. அவ்வளவுதானே. பெட்டியப் பிரிச்சுடலாம். படத்தை எல்லாம் மறுபடி ஒட்டு. நாளைக்குச் சுருட்டையக் கூப்பிடு, நானும் பாத்து நாளாச்சு. அவளுக்கு ஏதோ டான்ஸ் பரீட்சைன்னு சொன்னியே, முடிஞ்சிருக்குமே."

"பரீட்சை எல்லாம் இல்லம்மா. அவ வரமாட்டா."

"ஏன்? சண்டையா?"

"முடிச்சிட்டேன்."

"முடிச்சிட்டேன்னா?"

மகள் திரும்பினாள். முகத்தில் அழுகை இல்லை. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் மாதிரி இருந்தாள்.

"போகறதுக்கு முன்னாடி முடிக்கணும்மா. அழுதுட்டுப் பிரிஞ்சா அப்புறம் தினம் மெசேஜ் வரும். அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு வரும். அப்புறம் பொறந்தநாளுக்கு வரும். அப்புறம் நான் மட்டும் அனுப்பிட்டிருப்பேன். அதுக்கு இன்னொரு தடவ அழணும். சண்டை போட்டுட்டா ஒரே தடவையோட போச்சு. மூணாவது ஊர்லயே கண்டுபிடிச்சுட்டேன்."

மூன்றாவது ஊரில் ஒரு குட்டிப் பெண் கையில் பிய்த்துப் போட்ட பொம்மையோடு வாசலில் வந்து நின்றது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. சின்னப் பிள்ளைகள் சண்டை என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே ஒரு சாக்லேட் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"என்னடி பண்ணின சுருட்டைய?"

"சின்னச் சண்டைக்கெல்லாம் அவ அசையமாட்டா. ரெண்டு தடவ முயற்சி பண்ணேன். மறுநாள் அவளே வந்து பேசிட்டா. அதனால பெருசா பண்ண வேண்டியதாப் போச்சு."

சுருட்டையின் அப்பா ஒரு வருடமாக வீட்டில் இல்லை. பள்ளியில் எல்லோரிடமும் கப்பலில் வேலை என்று சொல்லியிருந்தாள். உண்மை மேனேஜருக்கு மட்டும் தெரியும். ஒரு மழை நாளில், போர்வைக்குள் உட்கார்ந்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சுருட்டை சொன்னது. மூன்று வாரம் முன்னால் வகுப்பில் டீச்சர், அவரவர் அப்பாவோ அம்மாவோ வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். சுருட்டை எழுந்து, அப்பா கப்பலில் இருக்கிறார், வர முடியாது, அம்மாதான் வருவார் என்றாள்.

"நான் எழுந்து நின்னேன்" என்றாள் மகள். "கப்பல்ல இல்ல மிஸ், ரெண்டு தெரு தள்ளி இருக்காரு, வேற வீட்ல, அங்க ஒரு பாப்பாகூட இருக்குன்னு சொன்னேன்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும் சொன்னாத்தானேம்மா முடியும்."

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே மகளைக் கிளப்பினாள். "அது வேலைக்கு ஆகாதும்மா" என்றாள் மகள். ஆனால் மறுக்காமல் வந்தாள்.

கிளினிக் வரவேற்பு மேஜையில் சுருட்டை உட்கார்ந்து நோயாளிகளின் அட்டைகளில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் காத்திருந்தார். "ரெண்டு நிமிஷம் சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டு டாக்டர் இவர்களை உள்ளே கூப்பிட்டார்.

"உக்காருங்க."

முன்பெல்லாம், "வாம்மா, சாப்பிட்டியா, இந்தப் புடவை உனக்கு நல்லாருக்கே" என்பார். பத்து வயது மூத்தவர் என்பதால் அந்த 'வாம்மா' இவளுக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கு உக்காருங்க. உட்கார அங்கே நோயாளி நாற்காலி ஒன்றுதான் இருந்தது. காலை நீட்டிக்கொண்டு, தலைக்கு மேலே விளக்கோடு, வாயைத் திறக்கப் போகிறவள் மாதிரி அதில் உட்கார்ந்தாள். மகள் கதவோரம் நின்றாள்.

"அக்கா, சத்தியமா எனக்கு நேத்துதான் தெரியும்."

"உங்களுக்கு நேத்து. எனக்கு மூணு வாரம்." டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். "மொத வாரம் நீங்க கூப்பிடுவீங்கன்னு காத்திருந்தேன். ரெண்டாவது வாரம் உங்க பொண்ணு பெட்டி கட்டறான்னு யாரோ வகுப்புல சொன்னதா என் பொண்ணு சொன்னா. அப்புறம் நான் எதிர்பாக்கல. ஊரை விட்டுப் போறவங்களுக்கு எங்ககிட்ட என்ன பேச்சு?"

"நாங்க போகல அக்கா. இங்கதான் இருக்கோம். மூணு வருஷம்."

டாக்டர் புதுக் கையுறையை எடுக்கப் போன கையை நிறுத்தினார். சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பு இல்லை அது.

"அப்படின்னா மூணு வருஷமும் ஒரே வகுப்புதான். இப்பவே சில பிள்ளைங்க என் பொண்ணைப் பாத்து, கப்பல் எந்தத் துறைமுகத்துல நிக்குதுன்னு கேக்குதுங்க. பாத்ரூம்ல போய் உக்காந்துட்டு வரா. உங்ககிட்ட இதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க வீட்டு விஷயம், உங்க பொண்ணுகிட்டச் சொன்னது என் பொண்ணு தப்பு. அவ்வளவுதான்."

"உங்க பொண்ணு தப்பு இல்ல அக்கா. எங்க பொண்ணுகிட்ட நாங்க எதையும் சொல்றதில்ல. அதனால வந்தது" என்றாள் அவள். சொல்லும்போதே அது எவ்வளவு நொண்டிச் சாக்கு என்று அவள் காதுக்கே கேட்டது.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. சுருட்டை வந்து நின்றாள். விரல் நுனியில் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் கூப்பிடவில்லை. மேனேஜர் அவளைப் பார்த்து, "ஸாரி" என்றாள்.

"நீ போகப்போறேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்."

"தப்பாக் கண்டுபிடிச்சிருக்க."

"ஆமா."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல, போகப்போறேன்னு."

"சொன்னா நீ அழுவ."

"அழுதா அழுதுட்டுப் போறேன். உனக்கென்ன?" சுருட்டையின் குரல் உயரவில்லை. "நீ வகுப்புல அதைச் சொல்லிட்டு, பெட்டியத் தூக்கிட்டுப் போயிடலாம்னு நெனச்ச. சரி. நான் எங்க போறது? நான் இங்கதானே இருக்கணும்?"

மேனேஜர் கதவின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற பெண். அவள் முகத்தைப் பார்த்த அம்மாவுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. இந்தக் கேள்வி இப்போதுதான் முதல் தடவை அவள் காதில் விழுகிறது. ஐந்து நாடு பார்த்தவள். எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்று அவளுக்குத் தெரியும். கிளம்பிப் போன பிறகு அந்த ஊரும் தெருவும் வகுப்பறையும் அங்கேயே இருக்கும் என்பதை அவளுக்கு யார் சொன்னார்கள்? டாக்ஸி கதவைச் சாத்தியதும் தானும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

"உன்னை மன்னிச்சுட்டேன்" என்றாள் சுருட்டை. "அம்மா மன்னிக்கச் சொன்னாங்க. ஆனா பேசமாட்டேன். பக்கத்துல உக்காரமாட்டேன். நீயும் வந்து உக்காராத."

விரலில் ஒட்டியிருந்த சீட்டை உரித்து உருட்டிக்கொண்டே அவள் வரவேற்பு மேஜைக்குப் போய்விட்டாள். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். "அந்தப் பெரியவர் வலியோட உக்காந்திருக்காரு" என்றார். இவள் அந்த நாற்காலியிலிருந்து இறங்குவதற்கே கொஞ்சம் நேரம் பிடித்தது.

வீட்டு லிஃப்டில் ஏறியதும் மகள், "நான்தான் சொன்னேனேம்மா, வேலைக்கு ஆகாதுன்னு" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. தெரிந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் பேசுகிற குரல்.

மத்தியானம் சாப்பிட உட்காருவதற்குள் அப்பாவிடம் அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் மகளைப் பார்க்கத் தெரியாமல் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார். மகள்தான் ஆரம்பித்தாள்.

"அப்பா, அந்த இன்னொரு நாட்டு வேலை இன்னும் இருக்கா?"

அப்பாவின் கை நின்றது. ஒரே ஒரு நொடி அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்து போனதை அம்மா பார்த்துவிட்டாள். பார்த்தது அவருக்கும் தெரிந்தது. அவசரமாகத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"ஏன்மா, இதுக்காகவா? ஒரு மாசம் போனா எல்லாம் சரியாப் போயிடும். பசங்கதானே."

"இருக்கா, இல்லையா?"

"இல்லம்மா. நான் வேண்டாம்னதும் நேத்தே வேற ஆளைப் போட்டுட்டாங்க. நம்ம கம்ப்ரஸர்காரர்தான். ரெண்டாவது நாட்ல நம்ம மேல் மாடில இருந்தாரே."

கம்ப்ரஸர்காரர் என்றால் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். பத்து வருடமாகப் பெட்டியும் கையுமாக அலைகிற இன்னொரு ஆள்.

"அவருக்குப் பிள்ளைங்க இருக்காங்களாப்பா?"

"ரெண்டு பேர். பெரியவளுக்கு உன் வயசு இருக்கும். சின்னவன் ரெண்டாவதோ மூணாவதோ படிக்கறான்."

"எப்போ கிளம்பறாங்க?"

"அடுத்த மாசக் கடைசில."

மகள் தட்டில் இருந்த கடைசிப் பருக்கையையும் எடுத்துச் சாப்பிட்டாள். அந்தப் பழக்கமும் நாடு நாடாகப் போனதில் வந்ததுதான். எதையும் மிச்சம் வைக்க மாட்டாள்.

"அவங்ககிட்டச் சொல்லிட்டாங்களா?"

"யாருகிட்ட?"

"அந்தப் பிள்ளைங்ககிட்ட."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள். சமையலறை மூலையில் அரிசி மூட்டை தைத்த நூல் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தது.

"போன் பண்ணிக் கேளுங்கப்பா. இன்னிக்கே சொல்லச் சொல்லுங்க."

"அது அவங்க வீட்டு விஷயம்மா. நாம எப்படி..." என்று இழுத்தார் அப்பா. "சொல்ற நேரத்துல சொல்லுவாங்க."

மகள் தலையாட்டினாள். தட்டைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெட்டி நேற்று இழுத்துப் போட்டபடியே அறை நடுவில் கிடந்தது என்பது அம்மாவுக்குத் தெரியும். எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்றாள். டேப்பைக் கிழிக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வந்தால் உள்ளே போய், படங்களை எடுத்துக் கொடுத்து, சேர்ந்து ஒட்டலாம் என்று இருந்தாள்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், பெட்டி தரையில் உரசிக்கொண்டு மறுபடி கட்டிலுக்கு அடியில் போகிற சத்தம் கேட்டது.